சூட்டுத்தரை ஆன்டி

அவர் எதையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்க்க மாட்டார். புறங்கைதான். தே தாரிக் தேநீர்க் குவளையோ, கடையில் அடுக்கி வைத்த ரொட்டியோ, நிழலில் நிற்கும் காரோ, எதுவாக இருந்தாலும் வலது கையைத் திருப்பி, விரல்களின் முதுகை ஒரு நொடி அதன்மேல் வைத்து எடுப்பார். அதற்குப் பிறகுதான் பேச்சு.

பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு முதல் நாள் வந்தபோதும் அப்படித்தான். என் எதிரே உட்கார்ந்தார். என் கணினியின் பின்புறத்தைப் புறங்கையால் தொட்டார்.

"இது காலையிலேர்ந்து நல்லா வேல செய்யுது. நீங்க எப்படி தம்பி?"

கூரையில் வெயிலைப் பிடித்துத் தண்ணீரைச் சூடாக்கும் தொட்டிகளை வீடுகளுக்குப் பொருத்தித் தருவதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். என் மேசையில் 'எஞ்சினியர்' என்று ஓர் அட்டை வைத்திருந்தார்கள். அம்மா ஒருநாள் வந்து அதைப் படம் எடுத்து, சுங்கை வேயில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். ஆனால் அதுவரை நானாக ஒரு வரைபடமும் போட்டதில்லை. மற்றவர்கள் போட்டதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"எத்தன பாத்ரூமுக்கு ஆன்டி சுடுதண்ணி வேணும்?" என்று கேட்டேன்.

"பாத்ரூமுக்கு இல்ல. கிள்ளான்ல எங்க வீட்டுத் தரைக்கு."

பக்கத்து மேசை நண்பன் நாற்காலியோடு திரும்பினான். "ஆன்டி, கிள்ளான்ல நடுரோட்டுல முட்டைய ஒடச்சு ஊத்துனா ஆம்லேட் ஆயிரும் லா. தரைக்கு எதுக்குச் சூடு?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "ரோட்டுல மத்தியானம் முட்ட வேவும். காலையில அஞ்சு மணிக்கு எங்க வீட்டு டைல்ஸ்ல எங்க வீட்டுக்காரர் கால் வைக்க முடியல. ரெண்டும் ஒரே கிள்ளான்தான்."

அவருடைய கணவர் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன் குளிர்க்கிடங்கில் இருபத்தேழு வருடம் பெட்டி தூக்கியவர். வேலையை விட்ட பிறகு குளிர் அவரை விடவில்லை. காலில் கொஞ்சம் சில்லென்று பட்டாலும் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்து மரத்துவிடும். ரத்தம் திரும்பும்போது ஊசி ஊசியாகக் குத்தும். கால்களை எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதனால் வீட்டுக்குள்ளேயே இரண்டு ஜோடி காலுறை, அதற்கு மேல் ரப்பர் செருப்பு.

"அதோட இருந்தா நான் உங்கள்ட்ட வர மாட்டேன். செருப்போட சாமி ரூமுக்குள்ள போக முடியுமா? ஆறு வருஷமா அவரு வெளிய நாக்காலி போட்டு உக்காந்து கும்புடுறாரு. தீபாவளி அன்னிக்குக்கூட தீபத்தட்ட நான் அவருகிட்ட வெளிய கொண்டு வரேன்."

"செருப்பக் கழட்டிட்டு காலுறையோட போகலாமே ஆன்டி?"

"நானும் சொல்லிப் பாத்துட்டேன். சாமி முன்னால வெறுங்கால்தான்னு நிக்கிறாரு. புடிவாதம். அந்தப் புடிவாதத்தத்தான் கட்டிக்கிட்டேன்."

கிள்ளானில் ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில், அவர்கள் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரும் கூரையும் எழுந்துவிட்டன. தரை இன்னும் போடவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அன்று கணவர் தானே விளக்கைக் கையில் ஏந்தி, வெறுங்காலோடு சாமி அறைக்குள் போக வேண்டும். ஆன்டி கேட்டது அது ஒன்றைத்தான்.

தரைக்கு அடியில் சுடுதண்ணீர் ஓட விடலாம் என்று அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கிள்ளானுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர் அவர். ரப்பர் கையுறைகளை அலசும் சுடுதண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குழாய், ஒரு நடைபாதைக்கு அடியில் ஓடியது. மழைக்காலக் காலைகளில் பெண்கள் அந்தச் சூடான இடத்தின்மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்களாம். ஒருநாள் அவரை அழைத்துப்போக வந்த கணவர், காத்திருக்கும்போது தற்செயலாக அந்த இடத்தில் நின்றிருக்கிறார்.

"நான் வெளிய வந்து பாக்குறேன், மனுஷன் காலுறையக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. போலாம்ங்கன்னா, இரு, உனக்கு ஓவர்டைம் இல்லையாங்கிறாரு! அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

முதலாளி அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை. கோப்பின்மேல் 'கிள்ளான் சூட்டுத்தரை' என்று எழுதினார்கள். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் அவர் பெயர் சூட்டுத்தரை ஆன்டி.

நான் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். இணையத்தில் ஒரு நல்ல கையேடு கிடைத்தது. அட்டையில் பனி மூடிய வீடு. எவ்வளவு இடைவெளியில் குழாய் போக வேண்டும், தண்ணீர் என்ன சூட்டில் ஓட வேண்டும், ஒரு சுற்று எத்தனை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, எல்லாம் அதில் இருந்தது. முக்கியமான விதி: வெளிச்சுவர் ஓரமாகக் குழாய்களை நெருக்கிப் போட வேண்டும், ஏனென்றால் குளிர் அந்த வழியாகத்தான் வரும். நானும் அப்படியே நெருக்கினேன். மூன்று வண்ணத்தில் அச்செடுத்து, சுருட்டி, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் ஏறிக் கிள்ளான் போனேன். வழியெல்லாம் அந்தச் சுருளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் மூன்று மணி. வீட்டுக்குள் வெறும் சிமெண்டு வாசனை. ஆன்டி என் படத்தை வாங்கினார், பார்த்தார், "அழகா இருக்கு" என்றார். பிறகு சாமி அறையின் மேற்குச் சுவருக்குப் போய்ப் புறங்கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இங்க வாங்க தம்பி. தொடுங்க."

தொட்டேன். ரொட்டி சானாய் சுடும் கல் மாதிரி இருந்தது.

"இதுக்குப் பக்கத்துலதான் நெருக்கி நெருக்கிப் போட்டிருக்கீங்க. இந்தச் சுவரே வேகுது. இதுக்கு எதுக்குப் பைப்பு?"

"புத்தகத்துல வெளிச்சுவர் ஓரம்னுதான் ஆன்டி…"

"எந்த ஊரு புத்தகம்?"

"பனி பெய்யிற ஊரு."

"நம்ம வீட்டுலயும் பனி பெய்யும். எங்கன்னு காட்டுறேன்." அறையைக் கடந்து உள்சுவருக்குப் போனார். அந்தப் பக்கம் கூடம். அங்கே ஏர்கோன் மாட்டுவதற்கான ஓட்டைகள் தயாராக இருந்தன. "எம்மவன் பதினாறுல வெச்சு, போர்வையும் போத்திக்கிட்டு டிவி பாப்பான். ராத்திரி முழுக்க ஓடும். காலையில இந்தப் பக்கம் டைல்ஸு ஐஸ்கட்டி. குளிரு வெளியேர்ந்து வராது தம்பி. எம்மவன்கிட்டேர்ந்து வரும்."

நான் முகம் சிவந்துபோய் நின்றேன். மூன்று வண்ணப் படம் தலைகீழ். நெருக்க வேண்டிய இடத்தில் விட்டிருந்தேன். விட வேண்டிய இடத்தில் நெருக்கியிருந்தேன். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற தப்பா அது? ஏட்டில் பார்த்தவுடன் என் ஊரே எனக்கு மறந்துவிட்டது.

அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "அழிச்சுப் போட்டா ஆச்சு" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றினார். "இப்ப அவரு எங்க நடப்பாருன்னு பாருங்க. சாக்பீஸ் இருக்கா?"

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கட்டில் வரப்போகும் இடத்தில் நின்றார். தோளைக் குறுக்கினார். பாதத்தை முழுதாக ஊன்றாமல், வெளி விளிம்பில் மட்டும் எடை வைத்து, சின்னச் சின்ன எட்டுகளாக நடக்கத் தொடங்கினார். கணவரின் நடை. ஒன்பது எட்டில் குளியலறை வாசல். அங்கே ஒரு கையால், இன்னும் மாட்டாத கதவு நிலையைக் காற்றில் பிடித்துக்கொண்டார். திரும்பி, இடைவழியில் பதினான்கு எட்டு. சாமி அறை வாசலுக்கு ஓரமாக நின்றுவிட்டார்.

"இங்கதான் எப்பவும் நிப்பாரு" என்றார், தன் சொந்தக் குரலில்.

நான் பின்னால் போய் ஒவ்வோர் எட்டுக்கும் கோடு போட்டேன். அந்தப் பாதை முழுக்கக் குழாய், மற்ற இடமெல்லாம் சும்மா. மூன்று சுற்றுகள்: படுக்கையறை ஒன்று, இடைவழி ஒன்று, சாமி அறை ஒன்று. சாமி மேடைக்கு அடியில் மட்டும் குழாய் வேண்டாம் என்றார். "பூ வாடிரும். அவருக்குத்தான் சூடு வேணும், சாமிக்கு எதுக்கு?"

குழாய் பதித்த அன்று கணவரின் அக்கா வந்தார். எழுபதைத் தாண்டியவர், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் போகிறவர். வெள்ளை நுரைப்பலகைமேல் சிவப்புக் குழாய் வெளியிலிருந்து உள்ளே சுழன்று போய், அதே வழியில் பக்கத்திலேயே சுழன்று திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்தார்.

"என்னம்மா இது, தரை பூரா முறுக்கு புழிஞ்சு வெச்சிருக்கீங்க?"

"ரெட்ட முறுக்கு அக்கா" என்றார் ஆன்டி. "ஒண்ணு சூடா உள்ள போகும். ஒண்ணு ஆறிப்போய் வெளிய வரும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல படுத்துக்கிட்டா தரை எல்லா எடத்துலயும் ஒரே சூடு." நான் அவருக்கு ஒருமுறைதான் விளக்கியிருந்தேன். என்னைவிட நன்றாகச் சொன்னார்.

வீடு கட்டிய சீன காண்டிராக்டர் தவுக்கே தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "ஆன்டி, மலேசியா ஓல்ரெடி சோ ஹாட். ஃப்ளோர் சம்மோர் வாண்ட் ஹாட் ஆ?" என்பார், ஊரே சூடு, தரைக்கும் சூடா என்று. அவருடைய புருவத்தில் வியர்வை வழியும்போது ஆன்டி எட்டி அவர் முழங்கையில் புறங்கை வைப்பார். "தவுக்கே, யூ ஓல்சோ ஹாட். கோ ட்ரிங்க் வாட்டர்." அந்த மனிதர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். எனக்கு ஒருநாள் அப்படித்தான் காய்ச்சலைக் கண்டுபிடித்தார். நெற்றியைத் தொட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "இன்னிக்கு இவரு வேல செய்ய மாட்டாரு" என்று என் முதலாளிக்கே போன் போட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. தொட்டுவிட்டால் முடிந்தது, அதற்குமேல் அவரிடம் வாதாட முடியாது.

குழாய் பதித்த மறுநாள் காலையே தரைக்குச் சிமெண்டு கலவை போட வேண்டும். அது காய நாலு வாரம். அதற்குள் குழாயில் சூடு விட்டால் கலவை வெடித்துவிடும். புதுமனை புகுவிழாவுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. ஒரு நாள் தள்ளினாலும் தவுக்கேயின் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், திரும்பக் கிடைக்கப் பத்து நாள் ஆகும். அதனால் பதித்த அன்றே மதியம் குழாய்களில் காற்றை ஏற்றி, அழுத்தம் குறையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனோம். அழுத்தமானியின் முள் அசையாமல் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாழை இலைச் சாப்பாட்டில் இரண்டாம் முறை சாம்பார் கேட்டேன்.

திரும்பி வந்தபோது முள் பாதிக்கு இறங்கியிருந்தது.

மூன்று வால்வுகளையும் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தேன். ஓட்டை சாமி அறைச் சுற்றில்தான். நாற்பத்திரண்டு மீட்டர் குழாய். எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் சும்மா இருங்க" என்றார் ஆன்டி. "ஃபேன நிறுத்துங்க."

வாயிலில் ஓடிக்கொண்டிருந்த பெரிய விசிறி நின்றது. அவர் மண்டி போட்டார். புறங்கையை நாக்கால் ஈரம் செய்துகொண்டு, குழாய்க்கு ஒரு விரல் உயரத்தில், அதைத் தொடாமல், சுழலோடு சுழலாகத் தவழ்ந்து போனார். கையுறைத் தொழிற்சாலையில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளையைத் தேடுவது அவருடைய முதல் வேலையாக இருந்ததாம். ஊதிய கையுறையை ஈரக் கைக்குப் பக்கத்தில் திருப்பிக்கொண்டே போனால், ஓட்டை இருக்கும் இடத்தில் சில்லென்று படும். அதே வேலை. இருபது நிமிடம்.

வடகிழக்கு மூலையில் நின்றார். "இங்க."

குழாயைத் தூக்கினோம். நுரைப்பலகைக்கு அடியில் புத்தம்புதுச் செப்புத் தகடு, பலகைக்கு மேலிருந்தே நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தது. ஓர் ஆணி போகும் வழியில் குழாயின் விலாவைக் கீறிவிட்டுப் போயிருந்தது.

கணவரின் அக்கா சுவரோரம் நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். கோயிலில் பூசை வைத்து வாங்கிய தகடு. ஈசானிய மூலையில் தரைக்கு அடியில் பதிக்க வேண்டும் என்று குருக்கள் சொல்லியிருந்தார். நாளைக்குச் சிமெண்டு போட்டுவிட்டால் முடியாதே என்று, நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு வேலையாளைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லிவிட்டார்.

"என் தம்பிக்கு நல்லது நடக்கணும்னுதான்மா… நானே கெடுத்துட்டேனே" என்று அழுதார்.

அவர் மேல் தப்பில்லை. சாமி மேடைக்கு இடம் விட்ட நான், தகட்டுக்கு இடம் விடவில்லை. எந்தத் தமிழ் வீட்டில் தகடு பதிக்காமல் சாமி அறை கட்டுகிறார்கள்? என் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் கேட்கத் தோன்றவில்லை.

"அழாதீங்க அக்கா" என்றார் ஆன்டி. "தகடு எடத்துலயே இருக்கட்டும். பைப்பு சுத்திக்கிட்டுப் போகும்."

தவுக்கே கீறலைப் பார்த்தார். "ஸ்மால் மேட்டர் லா. கட், ஜாயிண்ட், ஃபினிஷ்." எனக்கும் அதுதான் சுலபமாகப் பட்டது. வெட்டி இணைத்தால் கால் மணி நேர வேலை. தரைக்கு அடியில் இணைப்பு வரக் கூடாது என்பது விதி என்றாலும், ஒன்றே ஒன்றுதானே என்று இருந்தது. அதைச் சொல்லியும்விட்டேன்.

ஆன்டி என்னைப் பார்த்தார். "தம்பி, ஒட்டுப்போட்ட கையுறைய மாட்டிக்கிட்டு ஒரு டாக்டரு உங்க வயித்தக் கிழிச்சா சம்மதமா?"

"இல்ல ஆன்டி."

"அப்ப முழுசா எடுங்க."

எடுத்தோம். ஆனால் மிச்சச் சுருளில் இருந்தது முப்பத்தெட்டு மீட்டர். பழைய சுற்றுக்கு நாற்பத்திரண்டு. புதுச் சுருள் வர ஒரு வாரம் ஆகும்.

அப்போதுதான் எனக்கு என் படிப்பு கைகொடுத்தது. தரையில் உட்கார்ந்தேன். வேகும் மேற்குச் சுவர் ஓரம் ஒரு வரிசையைக் குறைத்தேன். தகட்டு மூலையைச் சுற்றி வளைத்தேன். ஏர்கோன் பக்கத்து நெருக்கத்தை மட்டும் தொடவில்லை. ஒவ்வொரு வளைவையும் கூட்டினேன். முப்பத்தேழரை. இன்னொரு முறை கூட்டினேன். முப்பத்தேழரை.

"பத்தும்" என்றேன்.

"பத்துமா, பத்தும்னு நெனக்கிறீங்களா?"

"பத்தும் ஆன்டி."

அவர் என் கையையெல்லாம் தொட்டுப் பார்க்கவில்லை. "சரி, இழுங்க" என்றார்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே இழுத்தோம். குழாய் முறுக்கிக்கொள்ளாமல் வர யாராவது நடுவில் சுருளைத் திருப்பிக்கொடுக்க வேண்டும். கணவரின் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டார். தவுக்கே சட்டையைக் கழற்றிவிட்டு மண்டி போட்டுக் கவ்விகளை அழுத்தினார். "மொல்ல, மொல்ல, முறுக்கு ஒடையும்!" என்று அக்கா அதட்டினார். தமிழ் தெரியாத தவுக்கே, "ஓகே மா, ஓகே மா" என்றார். கடைசி முனையைக் கொண்டுபோய், மூன்று சுற்றும் வந்து சேரும் பித்தளைக் கட்டையில் மாட்டியபோது கையில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மீதி இருந்தது. காற்றை ஏற்றினோம். முள் நின்றது. ஒரு மணி நேரம் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கால்பந்து இறுதியாட்டத்தைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

ஆனால் ஆன்டியின் கை தவறவே தவறாது என்று நான் எழுதினால் அது பொய். நாலு வாரம் கழித்து, டைல்ஸும் ஒட்டி முடித்து, கூரைத் தொட்டியின் சுடுதண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து நாளுக்கு இரண்டு டிகிரியாக ஏற்றினேன். தரை முப்பத்தொன்றுக்கு வந்ததும் நிறுத்தினேன். ஆன்டி வந்து புறங்கையை வைத்தார்.

"சூடே இல்லையே தம்பி."

"இதுதான் ஆன்டி அளவு. இதுக்கு மேல போனா அங்கிள் காலுக்கு ஆகாது. ரொம்ப நேரம் நின்னா பொசுக்கிரும்."

"என் கை பொய் சொல்லுதா?"

அந்தக் கேள்வியில் முப்பது வருடம் இருந்தது. நான் வெப்பமானியின் முள்ளைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. வெளியே போய், கூரையில் இருந்தவர்கள், பெயிண்டு அடித்தவர்கள் என்று கையில் கிடைத்தவரையெல்லாம் கூப்பிட்டு வந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லித் தரையில் நிற்க வைத்தார்.

"பானாஸ் கா?" சூடா என்று மலாயில் ஒவ்வொருவராகக் கேட்டார்.

"பானாஸ், ஆன்டி. செடாப்." நன்றாயிருக்கிறதாம். ஓர் இந்தோனேசியப் பெயிண்டர் போக மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தவுக்கே கண்ணை மூடிக்கொண்டு, "நைஸ் லா" என்றார். ஏழு பேரும் சூடு என்றார்கள். இல்லை என்றவர் ஆன்டி ஒருவர்தான்.

ஆன்டி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் முதுகெல்லாம் மினுமினுவென்று, ரேகை தேய்ந்து இருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன்.

"கொதிதண்ணியிலயே கெடந்த கை தம்பி. இதுக்கு இனிமே எதுதான் சூடு." கையை மடக்கிக்கொண்டார். பிறகு, "உங்க முள்ளு சொல்றதே இருக்கட்டும்" என்றார்.

கணவர் மட்டும் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. "எனக்காக வீட்டப் போட்டு நோண்டாத" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததாக ஆன்டி சொல்வார். ஆசைப்பட்டு, அது நடக்காமல் போவதை அந்த மனிதரால் இன்னொரு முறை தாங்க முடியாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

விழா அன்று காலை ஏழு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. ஓமத்தை வாசல் கொட்டகையிலேயே வளர்க்க வைத்தேன். தரைக்கு மேல் நெருப்பு வேண்டாம் என்று குருக்களிடம் நான் ஆங்கிலமும் தமிழும் கலந்து கொடுத்த விளக்கத்தை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பால் பொங்கியது. கூடத்தில் ஏர்கோன் பதினாறில் ஓடிக்கொண்டிருந்தது. மகன் விருந்தாளிகளுக்காக என்று வைத்திருந்தான். ஆன்டி அதை நிறுத்தச் சொல்லவில்லை.

அங்கிளை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். நெடிய மனிதர். வெள்ளை வேட்டிக்குக் கீழே சாம்பல் நிறக் காலுறைகள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கூடத்தைக் கடந்து, ஆன்டி நடந்து காட்டிய அதே நடையில் வந்தார். அதே மாதிரி, சாமி அறை வாசலுக்கு ஓரமாக, ஆனால் குழாய் ஓடாத கூடத்துப் பக்கம், நின்றுவிட்டார்.

ஆன்டி எரியும் விளக்கை நீட்டினார். "புடிங்க."

"நீ கொண்டு போ. நான் இங்கேர்ந்து கும்புடுறேன்."

"எனக்கு இடுப்பு வலிக்குது. புடிக்கிறீங்களா, கீழ வைக்கவா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிலையில் சாய்ந்து, ஒரு காலுறையைக் கழற்றினார். அடியில் இன்னொன்று. அதையும் கழற்றினார். மற்றக் காலிலும் இரண்டு. கூடத்துத் தரையில் நின்ற அந்த அரை நிமிடத்திலேயே விரல் நுனிகள் வெளுக்கத் தொடங்கிவிட்டன. விளக்கை வாங்கிக்கொண்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

நான் என் விரல் முட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன். கணக்கில் எங்கேயாவது தப்பிருந்தால் அந்தக் கால் இப்போது பின்னால் வரும்.

இடது காலும் உள்ளே போனது.

அவர் நின்றார். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். வெள்ளை மெதுவாகக் கலைந்து விரல்கள் நிறம் பெறுவதை வாசலிலிருந்தே என்னால் பார்க்க முடிந்தது. மூன்று எட்டு வைத்தார். வெளி விளிம்பில் அல்ல, முழுப் பாதமும் ஊன்றி. விளக்கை மேடையில் வைத்தார். குருக்கள் மணியை ஆட்டத் தொடங்கினார்.

அடுத்த கணம் அங்கிள் அப்படியே கீழே சரிந்தார். நெஞ்சும் வயிறும் முகமும் தரையோடு தரையாக, கைகள் தலைக்கு மேல் நீண்டு கிடந்தன.

"ஐயோ தம்பி!" என்று அவருடைய அக்கா அலறினார். மணி நின்றது. தவுக்கே "அம்புலன்ஸ்! அம்புலன்ஸ்!" என்று கத்தினார். நாலைந்து ஆண்கள் உள்ளே பாய்ந்தார்கள்.

ஆன்டி வாசலின் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கன்னமெல்லாம் கண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"யாரும் தூக்காதீங்க. விழுந்து கும்புடுறாரு."

எல்லோரும் அப்படியே நின்றோம். மனிதர் எழுந்திருக்கவில்லை. குருக்கள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார். ஒரு நிமிடம் போனது, இரண்டு போனது. மகன் அம்மாவின் கைக்கு அடியில் நுழைந்து போய், அப்பாவின் தலைமாட்டில் குந்தினான்.

"அப்பா, எந்திரிக்கிறீங்களா?"

கன்னத்தைத் தரையிலிருந்து எடுக்காமலேயே அவர் சொன்னார்:

"இருடா. இப்பத்தான வந்தேன்."